மாதன் ஊற்றிய ஆயில்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாதன் டிராக்டருக்கு ஆயில் மாற்றிவிட்டான். மாற்றியது பெரிதில்லை, அது எப்போதும் அவன்தான் செய்வான். இந்தத் தடவை சிந்தெடிக் ஆயில் ஊற்றியிருந்தான். அதுதான் எனக்கு ஆகவில்லை.

மாதன் என் சகலை. என் பெண்டாட்டி பெரியம்மாளும் அவன் பெண்டாட்டி இருசம்மாளும் கூடப்பிறந்தவர்கள். என்னுடையவள் மூத்தவள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வாங்கினோம். வெள்ளிமலையிலிருந்து இன்னும் மேலே போகவேண்டும் எங்கள் ஊருக்கு. அப்போது ஊரில் வேறு டிராக்டர் கிடையாது. ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவனுக்கு. திங்கட்கிழமை காலையில் கைமாறும்.

எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. வண்டி இல்லாவிட்டாலும் கஞ்சி குடித்துவிடுவேன். மாதனுக்கு அப்படியில்லை. அவனுக்கு இருப்பது ஓடையோரம் ஒரு துண்டுக் கொல்லை. ஊரார் நிலத்தை உழுதும், குச்சிக் கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்குகிற காலத்தில் மூட்டைகளைத் தார்ரோட்டு லாரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. வண்டி நின்றுபோனால் அவன் குடகுக்கு மிளகு பறிக்கப் போகவேண்டியதுதான். எங்கள் ஊரில் பாதிப்பேர் வருடாவருடம் மார்கழி, தையில் கூலிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் ஜீப்பில் ஏறி அங்கே போகிறவர்கள்தான். ஆனால் அறுபத்து மூன்று வயதில் ஏணி சாத்தி மரம் மரமாக ஏறுவது விளையாட்டில்லை.

இஞ்சினை ஏற்கனவே இரண்டு முறை பிரித்தாகிவிட்டது. மூன்றாவது முறை பிரிக்கவேண்டி வந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

கார்த்திகை கடைசித் திங்கட்கிழமை வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். டிரெயிலரில் காலி கேன் கிடந்தது. மூடியில் ஒட்டியிருந்த சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். பிடிப்பே இல்லை.

"இன்னாடா இது, தேனா?"

"சிந்தெடிக்ணே. கள்ளக்குறிச்சி கடையில குடுத்தான். குளுருல கெட்டியாவாதாம். செல்ப் அடிச்சா ஒரே சுத்துல புடிச்சிக்குது."

"கடக்காரன் சொன்னானா? விக்கிறவன் வேற இன்னா சொல்லுவான், வாணாம் வூட்டுக்குப் போன்னா சொல்லுவான்?"

"சாதா ஆயில விட ஜாஸ்தி நாளும் வருமாம்ணே."

"உனக்குப் பொண்ணு குடுத்தப்பகூட என் மாமனார் இப்டித்தான் சொன்னாரு, பையன் நல்லா உழைப்பான்னு. யாரு இன்னா சொன்னாலும் நம்பிக்கினே இரு."

மாதன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைக்குக் கீழே இருந்து வருகிற எதையும் நான் சட்டென்று நம்புகிறவன் இல்லை. போன வருடம் வீரிய விதை என்று ஒருத்தன் கொடுத்த சோளம் ஆள் உயரம் வளர்ந்து ஒரு கதிர்கூட வைக்கவில்லை. அதற்கு முன்னால் மாட்டுக்குச் சத்துப் பொடி என்று வாங்கியதில் பாதி தவிடு. இந்த இஞ்சின் பத்தொன்பது வருடமாகக் கெட்டியான சாதா ஆயிலில் ஓடினது. அதற்குப் போய்த் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றினால் தேய்ந்த பிஸ்டனை அது எப்படித் தாங்கும்?

"இதோ பார்டா, உன் ஆயிலு, உன் பாடு. நான் ஒரு சொட்டு ஊத்தவும் மாட்டேன், ஒரு சொட்டு எடுக்கவும் மாட்டேன். இஞ்சின் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தே போனான்.

என் வீடு மேட்டுத் தெருவில். வாசலே இறக்கம். வண்டியை எப்போதும் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்துவேன். மார்கழிக் குளிரில் செல்ப் முக்கும், பேட்டரி புதிதாக இருந்தாலும் முக்கும். நான் செல்ப்பைத் தொடுவதே இல்லை. பிரேக்கை விட்டால் வண்டி உருளும், கிளட்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். மாதன் வீடு ஓடையோரம், சமதரை. அங்கே இந்த வசதி கிடையாது. அவன் எப்படிக் கிளப்புகிறான் என்று நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் விடியற்காலையில், பெரியம்மாள் தண்ணீருக்குப் போன பிறகு, அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். அதுவரை நான் அந்தக் குச்சியைத் தொட்டவன் இல்லை. ஆயில் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது எல்லாம் மாதன் வேலை. இப்போது அவன்மேல் நம்பிக்கை போய்விட்டதால் நானே பார்த்தேன். ஆயில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

ஊற்றி நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் குடித்துவிட்டது! நான் சொன்னேன் இல்லையா?

அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் இன்னொரு கேன் அதே தண்ணீரை வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். என்னிடம் பழைய சாதா ஆயில் ஒரு கேன் குதிருக்குப் பின்னால் இருந்தது. ஒரு லிட்டர் ஊற்றினேன். கெட்டியானது உள்ளே போனால் மெல்லிசுக்குக் கொஞ்சம் பலம் வரும் என்று எனக்குள்ளே ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை பார்த்தேன், அப்போதும் கோடு எட்டவில்லை. இன்னொரு லிட்டர். அடுத்த வாரம் மாதன் ஓட்டினான். அதற்கடுத்த வாரம் என்னிடம் வந்தபோது மறுபடி குச்சி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் குறைச்சல். மூன்றாவது லிட்டரை ஊற்றினேன். ஆயில் கோட்டைத் தொட்டது. அப்பாடா என்று கேனை மறைத்து வைத்தேன்.

இஞ்சினை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாதன் செய்த முட்டாள்தனத்தை அவனுக்கே தெரியாமல் சரி செய்கிறேன், சகலை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன். இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது வண்டி நீலமாகப் புகை விட்டது. இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் ஆயில் ஒழுகி, ரேடியேட்டருக்குக் கீழே எல்லாம் பிசுக்கு. பின்னால் நடந்துவந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நான் சொன்னது நடந்துவிட்டது அல்லவா?

திங்கட்கிழமை வண்டியை அவனிடம் விடும்போது, "பாத்துக்கடா உன் தேன. முன்னால ஒழுவுது, பின்னால பொகையுது" என்றேன். அவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்றான். குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தான். கையெல்லாம் ஆயில்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. ஆயில் எதாச்சும் ஊத்தினியா?"

"நான் இன்னாத்துக்கு ஊத்தறேன்?"

"இல்லண்ணே, கோட்டுக்கு மேல ரெண்டு வெரலு நிக்குது. புது ஆயில்தானன்னு நான் இத்தினி நாளா பாக்கல. இன்னிக்குப் பாத்தா இவ்ளோ ஏறிக்கினு கீது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட நான் என் கண்ணால் பார்த்தேன், கோட்டை அப்போதுதான் தொட்டிருக்கிறது. இவன் என்னடாவென்றால் இரண்டு விரல் மேலே என்கிறான். தான் ஊற்றின ஆயிலின் லட்சணத்தை மறைக்கக் கதை கட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அன்னிக்கே சொன்னேன் ஒரு சொட்டு ஊத்தமாட்டேன்னு. ஊத்தல. போதுமா?"

அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட பார்வை அது. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

"அப்ப டீசல்தாண்ணே" என்றான்.

கச்சிராயபாளையத்து மெக்கானிக் இளஞ்செழியனுக்கு என் வாசலில் நின்றே போன் போட்டான். எனக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தான்.

"ஊத்தாமலே ஆயில் ஏறுதுன்னா, பம்ப்லருந்து டீசல் உள்ள எறங்குது மாமா. ஆயிலோட டீசல் சேந்தா வழவழப்பு போயிடும். ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க" என்றான் இளஞ்செழியன்.

"பிரிக்கணுமா?"

"இவ்ளோ பொகை வருதுன்னா பிரிக்காம முடியாது."

மாதன் போனை மடியில் வைத்தான். "மூணாவது தபா" என்றான். அவ்வளவுதான். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. ஆனால் ஊற்றவில்லை என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தவிர, நான் ஊற்றியது கோட்டைத் தாண்டவில்லையே, தாண்டியது அவன் சொல்கிற டீசலாகவே இருக்கட்டுமே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். பெரியம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றாமல் நின்றாள்.

"நாளைக்குக் காத்தால மேஸ்திரி ஜீப் வருது. என் தங்கச்சியும் உன் சகலையும் குடகுக்குப் போறாங்க. பேரு குடுத்துட்டாங்க."

"அவன் போவட்டும். அவ எதுக்கு?"

"தனியா அனுப்புவாளா? அவளும் கொடி புடிச்சிப் பறிக்கப் போறாளாம். அந்த ஒடம்ப வெச்சிக்கினு."

"அந்த ஒடம்புக்கு இன்னா?"

பெரியம்மாள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "ஐப்பசியில அவளுக்குக் கர்ப்பப்பையே எடுத்துட்டாங்கய்யா."

"வயித்து வலின்னு சொன்ன?"

"உங்கிட்ட வேற இன்னான்னு சொல்லுவாங்க? ஆறு மாசத்துக்கு ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க. இவ இன்னாடான்னா ரெண்டு வருஷமா மார்கழி, தை பூரா அந்த டிராக்டரத் தள்ளிக்கினு கெடந்தா."

"டிராக்டரத் தள்ளினாளா?"

"பின்ன? உன்னாட்டம் வாசல்ல இறக்கமா இருக்குது அவங்களுக்கு? அவரு மேல குந்திக்கினு கிளட்ச அமுக்குவாரு, இவ பின்னால நின்னு தள்ளுவா. வேற யாரு கீறாங்க அந்த வூட்ல? ஆபரேஷன் ஆனதுலருந்து உன் சகலை கடை கடையா ஏறி எறங்கிக் கேட்டாராம், தள்ளாம வண்டி கெளம்பறதுக்கு இன்னா வழின்னு. அப்பத்தான் ஒருத்தன் அந்த ஆயிலச் சொன்னானாம். அத ஊத்தினப்புறம் அவ ஒரு நாளும் தள்ளல. இப்ப அதுவும் போச்சு."

தட்டைத் தள்ளி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். "எங்க போற?" என்று பெரியம்மாள் கேட்டாள்.

மாதன் வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. யாரும் வெளியில் இல்லை. நேராகப் போய்க் குச்சியை உருவினேன். வேட்டி முனையால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கோட்டுக்கு மேலே முழுசாக இரண்டு விரல். அவன் கதை கட்டவில்லை.

குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் வாசலில் கோட்டைத் தொட்ட ஆயில் இங்கே எப்படி இவ்வளவு ஏறும்? வண்டியின் சக்கரங்களைப் பார்த்தேன். நாலும் சமமாக நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாசலில் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். ஆயில் எல்லாம் முன்பக்கம் ஓடிவிடும். குச்சி இருப்பது பின்பக்கம். சாய்த்து வைத்த குண்டானில் ஒரு ஓரத்தில் கரண்டியை விட்டுவிட்டுக் குழம்பு இல்லை என்று சொன்ன கதைதான். அது ஆயிலைக் குடிக்கவே இல்லை. நான்தான் குடிக்க வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று புகையாகவும் ஒழுக்காகவும் அது கக்கியிருக்கிறது.

உள்ளே போனேன். இருசம்மாள் கம்பளியை மடித்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். மாதன் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா" என்றாள் இருசம்மாள்.

"மாதா, நான் ஊத்தினேன்."

"இன்னா ஊத்தின?"

"ஆயிலு. என் கேன்லருந்து. இறக்கத்துல நிறுத்தி வெச்சிக் குச்சி பாத்தேன். கம்மியாத் தெரிஞ்சிது."

"எவ்ளோ?"

"மூணு லிட்டரு."

முதலில் சிரித்தது இருசம்மாள்தான். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

"மூணு லிட்டரா? கன்னுக்குட்டிக்குப் பால் பொகட்டற மாதிரி வேளா வேளைக்கு ஊத்தினீங்களா மாமா?" ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க. உள்ள இழுக்குது."

மாதன் சிரிக்கவில்லை. சாக்கின் வாயை விடவும் இல்லை.

"நான் வந்து கேட்டேன் இல்ல?"

"கேட்ட."

"கோச்சிக்காதன்னு வேற சொல்லிக் கேட்டேன்."

"ஆமா."

"கோழியெல்லாம் ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துட்டேண்ணே. பதினோரு கோழி."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் கோழியைச் சொன்னான். நான் மண்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாதன் மறுபடி போன் போட்டு நடந்ததைச் சொல்ல, இளஞ்செழியன் பைக்கில் மலையேறி வர நாலு மணி ஆகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வகை ஆயிலிலும் ஒவ்வொரு கேன் கொண்டுவந்திருந்தான். குச்சியை எடுத்து மோந்து பார்த்தான். விரலில் தேய்த்தான்.

"டீசல் வாடையே இல்ல. பம்ப் நல்லாத்தான் கீது. அளவுக்கு மேல ஊத்தினா உள்ள நொரை கட்டும், வழி கெடச்ச பக்கம் வெளிய தள்ளும். அதான் பொகை, அதான் ஒழுவல்." என்னைப் பார்த்தான். "ரெண்டும் கலந்ததால ஒண்ணும் ஆவல பெரியவரே. ஆனா இந்த நொரையோட ஓட்டவேணாம், பூரா எறக்கிடலாம்."

"யாரு எறக்கறது?" என்றேன்.

"யாரு ஏத்தினாங்களோ அவங்க" என்றான் மாதன். மூன்று வாரத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் கிண்டல் அது. நான் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அந்த இடத்தை அடியிலிருந்து பார்க்கிறேன். அடிநட்டு லேசில் வரவில்லை. வந்தபோது ஆயில் மொத்தமும் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் போயிற்று. வெளியே சிரிக்கிற சத்தம் கேட்டது. மாதன் சத்தமும் இருந்ததா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். தெரியவில்லை.

நட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். இளஞ்செழியன் இரண்டு கேனையும் முன்னால் வைத்திருந்தான்.

"எது ஊத்தட்டும்? ரெண்டும் இந்த இஞ்சினுக்கு ஒத்துக்கும். சாதா ஆயில நேரத்துக்கு மாத்திக்கினே இருந்தா அதுவே போதும், கொறை சொல்ல முடியாது. குளுருல சுளுவா கெளம்பணும்னா சிந்தெடிக். ஆனா சீலு பழசு, அது வழியா கொஞ்சம் கசியும். அடுத்த வாரம் வந்து மாத்தித் தரேன்."

மாதன் என்னைப் பார்த்தான். "அண்ணன் சொல்றதையே ஊத்து. எனக்கு எதுவா இருந்தா இன்னா" என்றான். தெரிந்தேதான் சொன்னான். இருசம்மாள் சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, அந்த மெல்லிசு ஆயில் கேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிந்தெடிக்கையே ஊத்து" என்றேன்.

அந்த ஆயில்மேல் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. அது வேறு விஷயம்.

ஊற்றி முடித்து, கோட்டுக்குச் சரியாக நிற்கிறதா என்று மூன்று பேரும் மாறி மாறிக் குச்சியைப் பார்த்தோம். மாதன் ஏறி உட்கார்ந்து செல்ப்பை அடித்தான். ஒரே சுற்று. முதலில் புகை வந்தது. நாங்கள் அப்படியே நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் குறைந்து, கால் மணி நேரத்தில் சைலென்சருக்கு மேலே வானம் தெரிந்தது. மாதன் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். இஞ்சினை நிறுத்தவே அவனுக்கு மனசில்லை.

அதற்குள் பெரியம்மாளும் வந்து தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாதன் இறங்கி வந்து போனை எடுத்தான். ஏதோ நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தான்.

"இன்னாடா?"

"மேஸ்திரி. நாங்க வரலன்னு நீயே சொல்லு."

மறுமுனையில், "யாருங்க?" என்று கேட்டது.

"மாதனோட சகலை பேசறேன். நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் வரல."

"இன்னாங்க இது, ஜீப்ல எடம் போட்டாச்சு. எதுக்கு வரல?"

"வண்டி ஓடுது."

"டிராக்டரா? அது ஓடாதுன்னுதான வரேன்னு சொன்னாங்க? டீசல் எறங்கிடுச்சின்னு சொன்னாரே?"

நான் மாதனைப் பார்த்தேன். அவன் சாக்கிலிருந்து கம்பளியை வெளியே இழுத்து உதறிக்கொண்டிருந்தான்.

"பூராவும் சொல்லுண்ணே. அவரு ஜீப்ல போற ஆளுங்களுக்கும் தெரியட்டும்" என்றான்.

"சொல்லுங்க மாமா" என்றாள் இருசம்மாள், இப்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

தொண்டையைக் கனைத்தேன். முதல் லிட்டரிலிருந்து ஆரம்பித்தேன்.